பிறமொழி, நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி

கூடலூரில், டயர் கடைக்கு மேல்மாடியில்
எனக்கு ஒரு ஹெட்செட், ஒரு கால்மிதி.
மிதித்தால் பேச்சு ஓடும், எடுத்தால் நிற்கும்.
கேட்டதைத் தட்டச்சுச் செய்தால்
நிமிடத்துக்குப் பதினொரு ரூபாய்.

அந்த நாட்டின் பெயரைச் சொல்லமாட்டேனென்று
மூன்று பக்கம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
வடக்கே இருக்கிறது, அவ்வளவு சொல்லலாம்.
வடக்கென்றால் எங்களுக்கு மைசூர்.
இது அதற்கும் மேலே, டெல்லிக்கும் மேலே,
ஆனி மாதத்தில் சூரியன்
படுக்கப்போகாத ஊர்.

அங்கே ஒரு மலை.
அதன் வயிற்றில் இருப்பது பேட்டரிக்கு வேண்டுமாம்,
ஏவுகணைக்கு என்று இன்னொருவர் மெதுவாகச் சொன்னார்.
மேற்கிலிருந்து ஒரு கம்பெனி, கிழக்கிலிருந்து ஒரு கம்பெனி.
ஒன்றின் முகத்தில் ஒன்று விழிப்பதில்லை.
இரண்டின் கூட்டமும் ஒரே கால்மிதியில் ஓடுவது
எனக்கும் பக்கத்து மேசைக் கலைவதனிக்கும்தான் தெரியும்.

முதல் கம்பெனி துறைமுகம் தருகிறது.
இரண்டாவது, துறைமுகமும் ஆஸ்பத்திரியும்.
திங்களன்று முதல்வன் ஆஸ்பத்திரியோடு
ஸ்கேன் எந்திரமும் சேர்த்தான்.
நம் கணக்கு அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று
வியாழனன்று இவன் மேசையைத் தட்டினான்.
தட்டியதை நான் எழுதவில்லை.
சத்தங்களை எழுதக்கூடாது.

ஓயாமல் பார்ட்னர், பார்ட்னர் என்கிறார்கள்.
பங்காளி என்று மனசுக்குள் மாற்றிப் பார்த்தேன்.
வரப்புத் தகராறுதான் ஞாபகம் வந்தது.

வீட்டுக்குப் போகும் பஸ் தேவாலாவில் நிற்கும்.
தங்கம் கிடக்கிறதென்று லண்டனில் பங்கு விற்ற இடம்.
கல் இடிக்கும் எந்திரம் வண்டிகட்டி மலையேறியதாம்,
பந்தலூரில் குதிரைப் பந்தயம்கூட ஓடியதாம்.
வராதது தங்கம் ஒன்றுதான்.
குழிகள் மட்டும் இன்னும் வாய் மூடவில்லை.
போன மழைக்கு நஞ்சுண்டனின் மாடு விழுந்தது.
மனு எழுதிக்கொடு, குழி யாருடையது என்றார் தாசில்தார்.
பங்கு வைத்திருந்தவர்களின் விலாசத்துக்கு
நஞ்சுண்டன் எங்கே போவான்.

செவ்வாய் இரவு. தகரத்தில் மழை,
ஹெட்செட்டில் அந்த ஊர்க்கூட்டம்.
அதிகாரி, பொறியாளர், பிறகு
மொழிபெயர்ப்பாளர் வரமுடியாததற்கு ஒரு மன்னிப்பு.
அப்புறம் ஒரு பெண் எழுந்தாள்.
நாற்காலி நகர்ந்ததில் தெரிந்தது.

கத்தவில்லை. எதையோ எண்ணினாள்,
ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு மூச்சு விட்டு.
மான்களையா, பிள்ளைகளையா, தெரியாது.
விதி எளிது: புரியாவிட்டால்
பிறமொழி என்று போட்டு, நேரத்தைக் குறித்து, தாண்டு.
பிறமொழிக்குக் காசு கிடையாது.

நாலு தடவை பின்னால் ஓட்டினேன்.
நாலாவதில் ஒரு சொல் பிடிபட்டது.
கம்பெனி.
பச்சை மிளகாயைக் கடித்ததுபோல
என் அப்பா சொல்வார் அதை.
கண்டியில் பிறந்து, கப்பலேற்றப்பட்டு,
இங்கே கொழுந்து நிறுத்தும் தராசடியில் நின்றவர்.

அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதி அனுப்பினேன்.
சரிபார்ப்பவர் திருப்பினார்:
வாக்கியம் இல்லாமல் சொல் நிற்காது, நீக்கவும்.
நீக்கினேன்.

வெள்ளிக்கிழமை மற்ற கம்பெனியின் ஃபைல்.
அதே கூட்டம், அதே மன்னிப்பு, அதே நாற்காலி.
இவர்கள் மைக்கைக் கதவோரம் வைத்திருக்கிறார்கள்.
அங்கே கேட்காதது இங்கே கேட்டது.
அவள் முடித்ததும் பின்வரிசையில் ஒருவர் சிரித்தார்,
கேலி இல்லை,
நறுக்கென்று கேட்டாய் என்பதுபோல.
பிறகு இன்னொருவர். பிறகு கூடம் முழுக்க.
முன்மேசையில் மட்டும் காகிதம் புரண்டது.

சிரிப்பும் சத்தத்தில் சேர்த்தி.
பிறமொழி, நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி
என்று மறுபடியும் தட்டினேன்.
கீழே டயர் கடையின் ஷட்டர் இறங்கியது.
கலைவதனி குடையை எடுத்துக்கொண்டு
வாசலில் நின்று கூப்பிட்டாள்.
கால்மிதியிலிருந்து
நான் காலை எடுக்கவில்லை.